கத்திரி வெயிலில் ஜவ்வாது மலை: கேள்வி – பதில்

ஜவ்வாது மலையின் மண் பாதைகளில் பைக் ஓட்டுவது பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் வழி கேட்கிறார்கள், மீதிப் பேரில் பலர் எந்த வண்டி என்று கேட்கிறார்கள். வெயிலைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்த மலையில் வண்டியோட்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் வெயில்தான். அதனால் யார் என்ன கேட்டிருந்தாலும் பதிலில் வெயில் எட்டிப் பார்க்கும்.

அண்ணா, மே மாசம் நாலு பேர் மலைக்குள்ள மண் பாதையிலேயே சுத்தலாம்னு இருக்கோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

கிலோமீட்டரை விடுங்கள் தம்பி, கடிகாரத்தைப் பாருங்கள். தார் ரோட்டில் மணிக்கு அறுபது போகிறவர், சரளையும் பள்ளமும் கலந்த மலைப் பாதையில் இருபது போனாலே நல்ல வேகம். நூறு கிலோமீட்டர் என்று திட்டம் போட்டால் ஐந்து மணி நேரம் வண்டி மேலேயே இருக்க வேண்டும். விழுந்து எழுந்தது, பஞ்சர் ஒட்டியது, வழி தவறித் திரும்பியது எல்லாம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

முதல் நாள் ராத்திரியே ஆலங்காயத்திலோ போளூரிலோ தங்கிவிடுங்கள். பெட்ரோலை அங்கேயே முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள். வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கினால் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை உங்களுடைய நேரம். பதினொன்றுக்கு வண்டி புளிய மரத்தடியில் நின்றாக வேண்டும். மூன்றரை வரை சாப்பாடு, தூக்கம், அரட்டை. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டலாம். மேற்கே மேகம் கறுத்தால் அந்த இரண்டு மணி நேரத்தையும் விட்டுவிட்டுத் தார் ரோட்டைப் பிடியுங்கள். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், நனைந்த செம்மண்ணில் டயர் நிற்காது. இப்படி ஓட்டினால் எழுபது, எண்பது கிலோமீட்டர் மண் பாதை தேறும். மனசு நிறைந்த நாள் அது.

மலைன்னா குளுகுளுன்னு இருக்குமே, அங்கே போயும் என்ன வெயில்?
(கல்லூரி மாணவி, மதுரை)

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. வேலூர் 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூர் 725 மீட்டர். இடையில் உள்ள உயரம் ஐந்நூறு மீட்டர்தான், அதனால் மூன்று டிகிரி குறையும். வேலூரில் 41 அடிக்கும் நாளில் காவலூரில் 38. ஊட்டிக்குப் போகிற மனசோடு கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால் ஏமாற்றம்தான். ஏற்காடு 1,500 மீட்டர் என்பதால் அங்கே நிலைமை வேறு.

முப்பத்தெட்டு டிகிரியில ஜாக்கெட் போட்டா வெந்துட மாட்டோமா? டி-ஷர்ட்ல காத்து வாங்கிக்கிட்டே போனா சுகமா இருக்குமே?
(கடை உரிமையாளர், ஈரோடு)

சுகமாக இருப்பது காற்று உங்கள் தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரைதான். தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால் வேகமாகப் போகப் போக உடம்பு சூட்டை வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் உடம்பைக் குளிர வைப்பது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். வெறும் கையில் அந்த வியர்வை அடிக்கிற காற்றில் நொடியில் காய்ந்துபோகும், தோல் மட்டும் வெயிலில் காயும்.

இப்படிச் செய்யுங்கள். உள்ளே ஒரு பருத்தி பனியன். அதைத் தண்ணீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போடுங்கள். மேலே காற்று புகும் வலை ஜாக்கெட், மெஷ் ஜாக்கெட் என்று கேட்டால் கடையில் தருவார்கள். வண்டி நகர்ந்ததும் பனியன் ஈரத்தில் காற்று பட்டு மார்பு சில்லென்று ஆகும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை மறுபடி நனையுங்கள். கழுத்தில் ஈரத் துண்டு கட்டினால் இன்னும் நல்லது, முனையை உள்ளே செருகிவிடுங்கள். முழங்கையும் தோளும் சரளையில் உரசும்போது அந்த ஜாக்கெட்டின் மதிப்பு தனியாகத் தெரியும்.

தண்ணி எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்?
(ஓட்டுநர், கிருஷ்ணகிரி)

நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு பங்கு. கடும் வெயிலில் வண்டியோடு மல்லுக்கட்டும்போது ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை போகலாம். முதுகுப் பையில் மூன்று லிட்டர், வண்டியில் இரண்டு லிட்டர். தாகம் வரும்வரை காத்திருக்காமல் நிற்கிற இடத்தில் எல்லாம் நாலு மடக்கு.

வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலை வலிக்கும், குமட்டும். அதனால் நடுநடுவே உப்புக்கரைசல் வேண்டும். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் குடிப்பது தப்பு. பொட்டலம் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. ஊருக்குள் நீர்மோர் கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. சிறுநீர் அடர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் வண்டியை எடுக்காதீர்கள்.

பீர்?
(பெயர் வேண்டாம் என்றவர், புதுச்சேரி)

கூடாது. அது உள்ளிருக்கும் தண்ணீரையும் வெளியேற்றும், வளைவில் கண்ணையும் ஏமாற்றும்.

சார், ஹிமாலயன் வாங்கலாமா, எக்ஸ்பல்ஸ் வாங்கலாமா? மலைப் பாதைக்கு எது ஒசத்தி?
(பட்டதாரி, தருமபுரி)

ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 160 கிலோ. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பீர்கள். அதற்கும் முன்னால், நண்பரின் வண்டியைப் புல்தரையில் படுக்கவைத்துத் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, கியர் போட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல் காலை உந்திப் பின்னோக்கி அடியெடுத்து வைத்தால் வண்டி எழும். மறுபக்கம் சாயாமல் இருக்க ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிடுங்கள், வண்டி விழுந்திருக்கும் பக்கம் இடம் கொடுத்தால். உச்சி வெயிலில் மூன்றாவது முறையும் எந்த வண்டியைத் தூக்க முடிகிறதோ, அது உங்கள் வண்டி. நீண்ட நெடுஞ்சாலைப் பயணமும் சேர்ந்து இருந்தால் ஹிமாலயன் சௌகரியம். மலைக்குள்ளேயே சுற்றுவதானால் என் ஓட்டு எடை குறைந்ததற்கு.

ஒன்று சொல்கிறேன். ஜவ்வாது மலையில் இந்தப் பாதைகளில் தினமும் போய் வருவது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான். தொண்ணூறு கிலோவுக்குள் எடை. முன்னால் ஒரு மூட்டை சாமை, பின்னால் ஒரு பலாப்பழம், நடுவில் ஆள். அவர் ஓட்டுகிற விதத்தைக் கவனியுங்கள்: எந்தக் கல்லைச் சுற்றுகிறார், எங்கே காலை ஊன்றுகிறார், எங்கே இறங்கித் தள்ளுகிறார் என்று. அங்கே வேறு பயிற்சிப் பள்ளி தேவையில்லை.

கரடுமுரடான இடத்துல எழுந்து நின்னுக்கிட்டே ஓட்டறாங்களே, அது பந்தாவா?
(பள்ளி ஆசிரியர், திருவண்ணாமலை)

பந்தா இல்லை ஐயா, பிழைக்கிற வழி. உட்கார்ந்திருந்தால் உங்கள் எடை சீட்டின் மேல் இருக்கிறது, நின்றால் கால் கட்டைக்கு இறங்கிவிடுகிறது. பள்ளத்தில் குலுங்குவதை முழங்கால் வாங்கிக்கொள்ளும், இடுப்பு தப்பும். டவுன் பஸ்ஸில் படியோரம் நிற்கிற கண்டக்டர் பள்ளத்துக்குப் பள்ளம் முழங்காலை மடக்கிக் கொடுப்பாரே, அதேதான். முழங்காலால் டேங்கை லேசாக அணைத்து, முழங்கையை அகட்டி, கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பாருங்கள். எந்தக் கல்லை முறைத்துப் பார்க்கிறீர்களோ அதன் மேல்தான் வண்டி ஏறும்.

கொண்டை ஊசி வளைவில் யாருக்கு முதல் வழி?
(காவலர், சேலம்)

ஏறுகிறவருக்கு. சாலை விதியும் அதுதான், இயற்பியலும் அதுதான்: ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம்.

இறங்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா பெட்ரோல் மிச்சம்தானே?
(விவசாயி, ஊத்தங்கரை)

மிச்சமாகாது, உயிருக்கும் ஆபத்து. இப்போது வரும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் பீய்ச்சுவதையே பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். டாட் 4 என்று போட்டிருப்பதற்கு அதுதான் கணக்கு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பழசானால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி சேரும், லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் வைத்து இன்ஜினே இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

சைலன்சரை மாத்தி நல்லா சத்தம் வர்ற மாதிரி வெச்சிருக்கேன். மலையில செமையா எதிரொலிக்கும்ல?
(இளைஞர், ஆம்பூர்)

பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டுங்கள். வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் உங்களுக்குக் கேட்க வேண்டும். மலையூர்க் கைக்குழந்தை தூங்கவும் வேண்டும்.

கூட வந்தவன் திடீர்னு சம்பந்தமில்லாமப் பேச ஆரம்பிச்சான். தண்ணி குடிச்சதும் சரியாயிட்டான். அது என்ன?
(மெக்கானிக், வாணியம்பாடி)

சரியானது உங்கள் அதிர்ஷ்டம். வெயிலில் தலைவலி, குமட்டல், கால் தசைப்பிடிப்பு வந்தால் முதல் எச்சரிக்கை. நிழல், உப்புக்கரைசல், ஓய்வு போதும். பேச்சு குழறுகிறது, கோபம் வருகிறது, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றால் அது வெப்பத் தாக்கு. உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டும், மூளையும் சிறுநீரகமும் கெடும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது வருகிற வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

அந்த நேரத்தில் தண்ணீரை வாயில் ஊற்றுவதைவிட மேலே ஊற்றுவது முக்கியம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸைக் கழற்றி நிழலில் கிடத்துங்கள். இருக்கிற தண்ணீரையெல்லாம் தலை முதல் கால் வரை ஊற்றி, துண்டாலோ அட்டையாலோ விடாமல் விசிறுங்கள். பக்கத்தில் ஓடையோ தொட்டியோ இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு உட்கார வையுங்கள். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்குச் சொல்ல ஓட வேண்டும். முதலில் குளிர வையுங்கள், அப்புறம் தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று பேருக்குக் குறைந்து மலைக்குள் போகாதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான்: விழுந்தவர், பார்த்துக்கொள்பவர், ஓடுபவர்.

என் பையன் ஞாயித்துக்கிழமையானா மலைக்குப் போயிடறான். போன் போட்டா எடுக்கறதில்லை. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்.
(இல்லத்தரசி, குடியாத்தம்)

அம்மா, மலைக்குள் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. அவன் எடுக்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் உங்களை இப்படி விட்டுப் போவது அவன் தப்பு. கிளம்பும் முன் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த ஊர் வழியாக ஏறுகிறான், எந்த ஊர் வழியாக இறங்குகிறான், எத்தனை மணிக்குக் கீழே வந்து போன் பண்ணுவான். கூடப் போகிறவர்கள் நம்பரும் வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் பொறுங்கள். பிறகு அந்தத் தாளோடு காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். அந்தத் தாள் இருந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். தம்பி, இதை நீயும் படித்துக்கொண்டிருந்தால் இந்த வாரமே எழுதிக் கொடு.

போன வருஷம் புழுதி பறக்க ஓட்டின பாதையில தார் போட்டுட்டாங்க. இப்படியே போனா சாகசப் பயணம்னு எதுவும் மிஞ்சாது போலிருக்கே?
(தனியார் நிறுவன ஊழியர், பெங்களூரு)

தார் போட்டது நல்ல காரியம். ஏன் என்று சொல்கிறேன்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி என்று ஒரு மலை இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான பாதை இல்லாத மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் குழந்தை போய்விட்டது. உடலை ஏற்றிக்கொண்டு திரும்பிய ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அந்தத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தே மலையேறினார். தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறியிருக்கின்றன. நீங்களும் நானும் விடுமுறை நாளில் தேடிப் போகிற பாதைகள் இவை. பிரசவ வலி எடுத்தவரை டோலி கட்டித் தூக்கி வருவதும் இதே மாதிரிப் பாதைகளில்தான். மலைவாழ் மக்கள் ரோடு கேட்டு எத்தனையோ வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்போது நமக்கு வருத்தம் வரக்கூடாது. புழுதியில் ஓட்ட ஆசையா, அதற்கென்று பந்தயத் தடங்களும் பயிற்சித் திடல்களும் இருக்கின்றன.

மலைவாழ் மக்களுக்கு ரோடு கிடைக்கும்வரை அந்தப் பாதையில் நாம் விருந்தாளிகள். ஊர் தெரிந்ததும் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். பாதையிலேயே கேழ்வரகும் சாமையும் காயப்போட்டிருப்பார்கள், சுற்றிப் போங்கள், சுற்ற இடமில்லை என்றால் இறங்கிக் கேளுங்கள். நீங்கள் கிளப்புகிற புழுதி தலைச்சுமையாக வரும் தண்ணீர்க் குடத்தில்தான் போய் விழும். டீயும் சாப்பாடும் அந்த ஊர்க் கடையிலேயே சாப்பிடுங்கள், கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள். யாராவது ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கை காட்டினால், உங்கள் அன்றைய திட்டம் அத்தோடு முடிந்தது. ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

மெயின் பாதையிலேர்ந்து காட்டுக்குள்ள ஒரு ஒத்தையடிப் பாதை பிரியுது. சும்மா ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமா?
(புகைப்படக்காரர், காஞ்சிபுரம்)

ஊருக்கு ஊர் போகிற பாதையானால் போகலாம். காப்புக்காட்டுக்குள் போகிறதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கோடையில் அந்தக் காடு இடுப்பளவு காய்ந்த புல். ஏற்றத்தில் முனகி வந்த வண்டியின் சைலன்சர் அந்தப் புல்லில் உரசி நின்றால் தீப்பிடிக்கப் போதும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததை மறக்க முடியுமா? காய்ந்த புல்லில் தீ ஏற்றத்தை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாகப் பாயும். வண்டியை எப்போதும் வெறும் மண்ணிலோ பாறையிலோ நிறுத்துங்கள்.

நம்ம பக்கத்து ஆள் யாராவது டக்கார் பந்தயத்துல ஜெயிச்சிருக்காங்களா?
(பள்ளி மாணவன், ஓசூர்)

முதலில் முடித்துக் காட்டியவர் பெங்களூருவின் சி.எஸ்.சந்தோஷ், 2015-ல். 2024-ல் கேரளத்தின் ஹரித் நோவா ராலி-2 பிரிவில் முதலாவதாக வந்தார். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர். அவருடைய அணியின் பெயர் ஷெர்கோ டி.வி.எஸ். அந்த டி.வி.எஸ். உங்கள் ஊர்க் கம்பெனிதான், பெருமையாகச் சொல்லிக்கொள்.

மத்தியானம் மூணரை மணி வரைக்கும் மரத்தடியில என்ன பண்றது? போரடிக்காதா?
(வங்கி ஊழியர், வேலூர்)

காவலூர்ப் பக்கம் போகிறீர்கள் என்றால் வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது, 1986-ல் திறந்தார்கள். 1972-ல் வியாழனின் கனிமீட் துணைக்கோளுக்கு மெல்லிய காற்றுமண்டலம் இருப்பதற்கான தடயம் கண்டதில் இந்த மலைக்கும் பங்குண்டு. ராத்திரியில் அந்தப் பக்கம் கூடுதல் விளக்கு பூட்டிய வண்டியோடு சுற்றாதீர்கள். இருட்டுதான் அவர்களுடைய மூலதனம்.

முள் குத்தி டியூப் பஞ்சர். பக்கத்துல கடை கிடையாது. உச்சி வெயில். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
(கூரியர் ஊழியர், திருப்பத்தூர்)

நிழலிலிருந்து. காற்றுப்போன டயரோடு மெதுவாகத் தள்ளிக்கொண்டாவது மரத்தடிக்கு வாருங்கள், இல்லாவிட்டால் வேலை முடிவதற்குள் நீங்கள் முடிந்துவிடுவீர்கள். கழற்றுகிற நட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு துண்டின் மேல் கழற்றிய வரிசையில் வையுங்கள். மண்ணில் விழுந்த வாஷர் கிடைக்காது.

சக்கரத்தைக் கழற்றி, டயர் விளிம்பை இரண்டு பக்கமும் குதிகாலால் மிதித்து ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்குங்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கம் லீவர் சுலபமாகப் புகும். பலத்தைப் போட்டு நெம்ப வேண்டியிருந்தால் எங்கேயோ விளிம்பு பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். டியூபை உருவியதும் டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய பருத்தித் துணியால் துடைத்து வாருங்கள். சீமைக்கருவேல முள்ளின் முனை உள்ளே ஒடிந்து நிற்கும், துணி நூல் அதில் மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும். அந்த முனையைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அரை கிலோமீட்டரில் மறுபடி இதே வேலை.

மாற்று டியூப் எப்போதும் கையில் இருக்க வேண்டும், ஒட்டுகிற வேலையை ராத்திரி அறையில் வைத்துக்கொள்ளலாம். டியூபில் உருண்டை பிடிக்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வையுங்கள், முறுக்கிக்கொள்ளாது. வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வுப் பக்கத்தில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுகும், அங்கே அவசரப்பட்டு லீவரை ஆழமாக விட்டால் புது டியூபையும் கடித்துவிடும். ஒருவர் முழங்காலை வைத்து அழுத்த, இன்னொருவர் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கட்டும். பிறகு பம்பு. ஆளுக்கு ஐம்பது அடி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், அடித்து முடித்தவர் தண்ணீர் குடிக்கட்டும்.